சிஎஸ்எஸ்ஸை எடுத்துவிட்டால் உங்கள் பக்கம் நிற்குமா?

மருதமுனைச் சாரம் (லுங்கி) விற்கும் கடை ஒன்றின் இணையதளத்துக்கு முதல் பக்கத்தைக் கட்டி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படமும் விலையும் வண்ணமும் இருக்கின்றன. சரி, நிறம், அளவு போன்ற தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை இணைக்கும் வரியைச் சற்று நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். தலைப்பு எது, விலை எது என்று புரியவில்லையா? அப்படியென்றால் திருத்தத்தை, பக்கத்தின் உள்ளடக்கத்தையும் அமைப்பையும் எழுதும் எச்டிஎம்எல்லில் தொடங்குங்கள்.

படி 1: எழுத்து

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பலர் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டித் தருகிறார்கள். அதில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் குப்பையாகத்தான் தெரியும். தமிழில் தேடுபவருக்கும் அகப்படாது. எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். ஹெட் பகுதியில் யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை), வியூபோர்ட் (போன் திரை அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்துவது) இரண்டையும் குறிப்பிட்டு, எச்டிஎம்எல் டேக்கின் மொழியைச் சொல்லும் லாங் பண்பில் தமிழுக்குரிய டிஏ குறியீட்டைப் போடுங்கள்.

படி 2: டேக்

டேக் என்பது பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்று உலாவிக்குச் சொல்லும் குறி. எல்லாவற்றையும் தனிப் பொருள் எதுவும் இல்லாத டிவ்வுக்குள் திணிக்க வேண்டாம். ஹெடர் (தலைப்பகுதி), நேவ் (இணைப்புப் பட்டியல்), மெயின் (முக்கியப் பகுதி), ஃபுட்டர் (அடிப்பகுதி) எதற்கு இருக்கின்றன? எழுத்துப் பெரிதாக வேண்டும் என்பதற்காகத் துணைத் தலைப்புக்கான எச்2 டேக்கைப் போடாதீர்கள். அளவு சிஎஸ்எஸ்ஸின் வேலை. 'ஓர்டர் செய்ய' என்பதை டிவ்வாக வைத்தால் டேப் விசையால் அங்கே போக முடியாது. பட்டன் டேக்கில் அந்த வசதி கூடவே வரும். படத்தை விவரிக்கும் ஆல்ட் பண்பில் 'படம்1' அல்ல, 'நீலக் கரை போட்ட வெள்ளைச் சாரம்' என்று எழுதுங்கள்.

படி 3: அளவு

தமிழ்ப் பக்கங்கள் அதிகம் உடைவது இங்கேதான். ஆங்கிலப் பாடத்தில் பார்த்த 100 பிக்சல் அகலப் பட்டனை அப்படியே எடுத்து 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதினால் சொல் வெளியே வழியும். அகலம், உயரம் இரண்டையும் நீக்கிவிட்டு பேடிங் (சொல்லைச் சுற்றி உள் இடைவெளி) கொடுங்கள். சொல்லுக்கு ஏற்ப பட்டன் விரியும். எழுத்தளவை பிக்சலுக்குப் பதில், பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் பொறுத்த ரெம் அலகில் வைத்தால், உலாவியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு உங்கள் பக்கமும் பெரிதாகும். வரி உயரமான லைன்-ஹைட்டை 1.7 போல, அலகு சேர்க்காமல் கொடுங்கள். நம் எழுத்தில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் நெருக்கினால் வரிகள் முட்டும். படங்கள் திரையைத் தாண்டாமல் இருக்க மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) 100% போதும்.

அப்புறம் நிறம். கல்லடிப் பாலத்தில் மதிய வெயிலில் போன் பார்ப்பவருக்கு வெளிர் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் ஏஏ நிலை அளவுகோல்.

படி 4: சோதனை

எச்டிஎம்எல் பிழைகளைக் காட்டும் டபிள்யூ3சி வேலிடேட்டர் என்ற இணையக் கருவியில் கோப்பை ஏற்றுங்கள். பிழைப் பட்டியல் நீளமாக வந்தால் பதறாதீர்கள். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மூடாமல் விட்ட ஒரே டேக்கால் வந்த பிழைகள் பல அதோடு போய்விடும்.