பாலிமர்ல நானோ துகள் கலந்து ஒரு சிமுலேஷன்: லாம்ப்ஸ்ல முதல் ரன் போடுறது எப்படி

பாலிமருக்குள்ள நானோ துகளப் போட்டா அது சீரா பரவுமா இல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கொத்தா நிக்குமா, இதத்தான் இன்னிக்கு லாம்ப்ஸ்ங்கிற மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருள்ல பாக்கப் போறோம். எல்லா அணுவையும் வெச்சு ஓட்டலாமேன்னு தோணும், ஆனா அங்க டைம்ஸ்டெப் 1 இல்ல 2 ஃபெம்டோ செகண்ட் தான், சங்கிலி தன் வடிவத்த மறந்து புதுசா சுருள மைக்ரோ செகண்ட் ஆச்சுன்னா அதுக்கே நூறு கோடி ஸ்டெப் வேணும். அதனால சில மோனோமர சேத்து ஒரே பீடா (மணியா) ஆக்கிடுறோம், கோர்ஸ் கிரெய்னிங்னா அவ்ளோதான்.

மாடல் 1990ல கிரெமரும் கிரெஸ்டும் குடுத்தது. பீடுங்க ஒண்ண ஒண்ணு தள்ளும், அதுக்கு லெனார்ட் ஜோன்ஸ (கிட்ட வந்தா தள்ளும், கொஞ்சம் விலகினா இழுக்கும் விசை) 1.12 சிக்மாவுல வெட்டிடணும்; சிக்மான்னா ஒரு பீடோட விட்டம். பக்கத்து பீடுங்கள ஃபீன் ஸ்பிரிங் (ஒரு எல்லைக்கு மேல நீளாத ஸ்பிரிங்) கட்டிப் பிடிக்கும்: விறைப்பு 30, அதிகபட்ச நீளம் 1.5 சிக்மா. ரெண்டும் சேந்து பாண்ட் நீளம் 0.97 கிட்ட நிக்கும், ஒரு சங்கிலி இன்னொண்ண ஊடுருவிப் போகவும் முடியாது.

முதல்ல கணக்கு. சங்கிலிக்கு 50 பீட், 200 சங்கிலி, மொத்தம் 10,000. அடர்த்தி 0.85ன்னா பாலிமருக்கு 11,765 கன சிக்மா. துகள் விட்டம் 5 சிக்மான்னு வெச்சு 10 துகள் போட்டா இன்னொரு 654, ஆக பெட்டி பக்கம் சுமார் 23.2, துகளோட பங்கு 5 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. துகளோட நிறைய 125ன்னு குடுங்க, ஏன்னா கன அளவு அத்தனை மடங்கு.

அடுத்து துகள்கள முதல்ல வெச்சுட்டு, அதுக்குள்ள விழாத மாதிரி சங்கிலிகள 0.97 நீள அடியா ராண்டமா வரைங்க. பீடு மேல பீடு ஏறித்தான் கிடக்கும், பரவால்ல. ஆனா அப்படியே லெனார்ட் ஜோன்ஸ ஆன் பண்ணீங்கன்னா விசை எகிறி ஃபீன் பாண்ட் நீண்டுபோச்சுன்னு லாம்ப்ஸ் கத்தும். மொதல்ல சாஃப்ட் பொட்டென்ஷியல் (பீடு மேல பீடு இருந்தாலும் எகிறாத மென்மையான தள்ளுவிசை), அதோட வலுவ மெதுவா ஏத்துங்க, ஒரு ஸ்டெப்ல பீடு எவ்ளோ நகரலாம்னு லிமிட்டும் போடுங்க.

இப்ப நிஜ விசை. துகளுக்கு லெனார்ட் ஜோன்ஸோட எக்ஸ்பேண்ட் வடிவம் வேணும், துகளுக்கும் பீடுக்கும் தள்ளல் (விசை தொடங்குற இடத்த வெளிய நகத்துற தூரம்) 2 சிக்மா, துகளுக்கும் துகளுக்கும் 4. கட் ஆஃப் தூரத்துல, அதாவது விசைய வெட்டுற தூரத்துல, இந்த தள்ளல் சேராது, லாம்ப்ஸே கூட்டிக்கும், நீங்களும் கூட்டிடாதீங்க. துகள்-பீட் ஈர்ப்புக்கு கட் ஆஃப் 2.5, மத்ததெல்லாம் 1.12. ஸ்பெஷல் பாண்ட்ஸ (ஒரே சங்கிலியில கிட்ட இருக்குற பீடுங்களுக்கு லெனார்ட் ஜோன்ஸ் உண்டா இல்லையான்னு சொல்ற அமைப்பு) ஃபீன்னு வைக்க மறந்தா, சங்கிலியில ஒரு பீடோ ரெண்டு பீடோ தாண்டி இருக்குற பீடுங்களுக்கு நடுவுல தள்ளுவிசையே இல்லாம போயிடும்.

வெப்பநிலை 1, டைம்ஸ்டெப் 0.005 டௌ (டௌன்னா இந்த மாடலோட நேர அலகு), லாஞ்செவின் (வெப்பநிலைய நிலையா வைக்கிற முறை) உராய்வு 0.5. லாம்ப்ஸ் கேக்குறது உராய்வ இல்ல, தணியுற நேரத்த, அதனால அங்க 2ன்னு போடணும். துகள் இல்லாத பாலிமர இதே அடர்த்தில தனியா ஓட்டினா அழுத்தம் 5 கிட்ட வரும், கலவையில அதே அழுத்தத்த வெச்சு பெட்டிய தானா அளவு மாற விடுங்க.

இனிமேதான் நிஜமான வேலை, அதாவது காத்திருக்கிறது. எரர் இல்லாம ரன் முடிஞ்சா சரியான ரன்னுன்னு அர்த்தமில்ல. 50 பீட் சங்கிலிக்கு தளர்வு நேரமே (பழைய வடிவத்த மறக்க ஆகுற நேரம்) சில ஆயிரம் டௌ, 10 லட்சம் ஸ்டெப்ங்கிறது வெறும் 5,000 டௌ தான், அதுல பல மடங்கு ஓட்டணும். சுழல் ஆரம் (சங்கிலி எவ்ளோ விரிஞ்சிருக்குன்னு காட்டுற அளவு) 3.7 சிக்மா பக்கத்துல இருக்கா, சங்கிலியோட மையம் அந்த தூரத்துக்கு மேல நகந்துச்சான்னு பாருங்க. துகள் இன்னும் மெதுவு, அதனால ஒரு ரன்ன பரவின நிலையிலயும் இன்னொண்ண கொத்தா வெச்சும் தொடங்குங்க, ரெண்டும் ஒரே முடிவுக்கு வரலன்னா எதையும் நம்பாதீங்க.

அப்புறம் துகள்-துகள் ஆர்டிஎஃப், அதாவது ஒரு துகள்லருந்து எந்த தூரத்துல இன்னொரு துகள் அதிகமா இருக்குன்னு காட்டுற கிராஃப். 5 சிக்மாவுல கூர்முனை வந்தா நேரடியா ஒட்டியிருக்கு, 6 கிட்ட வந்தா நடுவுல ஒரு பீட் அடுக்கு மாட்டியிருக்கு. ஈர்ப்பு கம்மியா இருந்தா சங்கிலிங்க துகள்கள ஒண்ணா நெருக்கித் தள்ளிடும், நடுத்தரமா இருந்தா ஒவ்வொண்ணும் பாலிமர் போர்வைக்குள்ள தனியா நிக்கும், ரொம்ப ஏத்தினா ஒரே சங்கிலி ரெண்டு துகளப் பிடிச்சு பாலம் கட்டும். மூணையும் தனித்தனியா ஓட்டிப் பாக்காம ஈர்ப்பு ஏற ஏற நல்லா பரவும்னு எழுதிடாதீங்க.

10 துகள்ல இந்த கிராஃப் கரடுமுரடாத்தான் வரும். ஸ்கிரிப்ட் பழகினதும் பெட்டி பக்கத்த ரெண்டு மடங்காக்குங்க, 80,000 பீட், 80 துகள்.