முடிவு தெரிந்த குடும்பப் படம்: நடிப்பை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பக் கதைகளின் முடிவு பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும். முகம் பார்த்துப் பேசாத அப்பாவும் மகனும் பேசிக்கொள்வார்கள். விலகிப் போனவள் திரும்பி வருவாள், இல்லையென்றால் யாரோ ஒருவரின் நோய்ப் படுக்கையைச் சுற்றி எல்லோரும் கூடுவார்கள். படம் முடிந்ததும் நாம் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "கதை பழசு, ஆனால் ரெண்டு பேரும் நடிப்பாலேயே தூக்கி நிறுத்திட்டாங்க." சரி, எப்படி நிறுத்தினார்கள்? அதைச் சொல்ல முயலும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

அதிகம் நடக்கும் தவறு, அழுகையை வைத்து நடிப்பை அளப்பது. அழும் காட்சியில் நடிகர் தனியாக இல்லை. பின்னணி இசை இருக்கிறது, குளோஸ் அப் இருக்கிறது, அதுவரை நாம் பார்த்த கதை முழுவதும் அவருக்குத் துணை நிற்கிறது. சுமாரான நடிகர்கூட அங்கே தப்பித்துவிடலாம். எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சிலர் தம் வசனத்தின் முறை வரும்வரை முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல நடிகர் உண்மையாகவே கேட்கிறார். வாக்கியத்தின் பாதியில் ஒரு சொல் தைக்கிறது, பார்வை கொஞ்சம் விலகுகிறது, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்கிறார்.

முடிவு தெரிந்த படத்தில் இதற்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. மகன் மன்னித்துவிடுவான் என்று நமக்குத் தெரியும், திரைக்கதையைப் படித்த நடிகருக்கும் தெரியும். ஆனால் அந்த அப்பாவுக்குத் தெரியாது. கதவைத் தட்டும் நேரத்தில் அவருக்கு அது திறக்காமலே போகலாம். அந்தத் தெரியாமையை நடிகர் கடைசி வரை காப்பாற்றினால், நாமும் தெரிந்ததை மறந்துவிட்டு அவரோடு வாசலில் நிற்போம். முதல் காட்சியிலேயே பின்னால் வரப்போகும் சோகத்தைச் சுமந்துகொண்டு வருகிற நடிகர் இதைக் கெடுத்துவிடுகிறார். எனக்கு நடிப்பை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை.

"யூகிக்க முடிந்தது" என்பதையே தீர்ப்பாகச் சொல்லிவிடுவது அடுத்தது. ஜப்பானிய இயக்குநர் ஓசு இயக்கி 1953-இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி'யின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வயதான பெற்றோர் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறார். இதில் திருப்பம் எதுவும் கிடையாது. கடைசியில், வாழ்க்கை ஏமாற்றம் தருவதுதானா என்று இளைய மகள் கேட்க, விதவை மருமகளாக வரும் செட்சுகோ ஹாரா புன்னகையோடு ஆமாம் என்கிறார். அந்தப் பதிலை யாரும் ஊகித்துவிடலாம், அந்தப் புன்னகையை ஊகிக்க முடியாது. நிகழ்ச்சி தெரிந்ததாக இருந்தாலும், அது நடக்கும் விதம் புதிதாக இருக்க முடியும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் விமர்சனம் இந்த வகைப் படத்துக்கு நியாயம் செய்யாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எல்லாப் பெருமையையும் முன்னணி நடிகருக்கே கொடுத்துவிடுவது. நூறாண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. ஆகவே "அந்த மௌனம் அபாரம்" என்று எழுதும் முன், அந்த மௌனத்தை எத்தனை நொடி விட்டுவைப்பது என்று முடிவு செய்த எடிட்டரையும், அதற்கு முந்தைய வசனத்தைச் சரியான எடையில் சொன்ன துணை நடிகரையும் நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படத்தில் ஒருவர் மட்டும் நன்றாக நடித்தால் அது குடும்பமாகவே தெரியாது.

நடிப்பு நன்றாக இருப்பதால் எழுத்தின் ஓட்டைகளை மன்னித்துவிடுவதும் தவறுதான். நேற்றுவரை கல்லாக இருந்த ஒருவர் இன்று காரணமே இல்லாமல் இளகினால், எந்த நடிகராலும் அந்த இடைவெளியை முகத்தால் மட்டும் நிரப்ப முடியாது. 1979-இல் வந்த 'கிராமர் வெர்சஸ் கிராமர்' படத்தில், மகனைத் தன்னிடம் தரக் கேட்டு அம்மா நீதிமன்றத்தில் பேசும் பேச்சை, அந்த அம்மாவாக நடித்த மெரில் ஸ்ட்ரீப்பே திருத்தி எழுதினார். பிள்ளையை விட்டுப் போனவள் என்ற ஒற்றைக் கோணத்தில் அந்தப் பெண் நின்றுவிடக் கூடாது என்பது அவர் கவலை. அந்தப் பேச்சுக்குப் பிறகு அவளை நம்மால் வெறுக்க முடிவதில்லை. ஸ்ட்ரீப், அப்பாவாக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் இருவருக்கும் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய நடிகைக்கே சரியான சொற்கள் தேவைப்பட்டன.

எடை குறைத்தார், நரை வைத்தார் என்பதை நடிப்பின் கணக்கில் சேர்ப்பது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடப்பது. 'டோக்கியோ ஸ்டோரி'யில் எழுபதை ஒட்டிய அப்பாவாக வந்த சிஷு ரியுவுக்கு அப்போது வயது 49. அவரை முதியவராக நம்ப வைத்ததில் ஒப்பனைக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அதைவிட, உட்கார்வதிலும் பதில் சொல்வதிலும் இருக்கும் அந்த அவசரமின்மைக்குத்தான் பங்கு அதிகம்.

அப்புறம், நீங்களே ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், "வாழ்ந்திருக்கிறார்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தக் காட்சி, கையில் என்ன வைத்திருந்தார், எந்த வசனத்தைக் குரல் தாழ்த்திச் சொன்னார் என்று ஒன்றையாவது குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், படத்தைத் தூக்கி நிறுத்தியது நடிப்புதானா என்று இன்னொரு முறை யோசிக்கலாம்.