நாலடிப் பலகையில் கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷன்

எங்கள் வீட்டுக் கொலுவில் படிக்குக் கீழே பார்க் கட்டுவது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல்தரை, முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கப் போட்டுக் குளம், தாம்பாளத்தில் கேழ்வரகு முளைக்க வைத்து வயல். சாவி கொடுத்தால் வட்டம் சுற்றும் தகர ரயில் ஒன்றும் உண்டு. அப்பளக் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்ந்த பிறகு, பொம்மைகள் பரணுக்கு ஏறினாலும் பார்க் மட்டும் கீழேயே இருக்கட்டுமே என்று தோன்றியது. இப்போது எங்கள் பட்டாசலில் நாலடி நீளத்தில் ஒரு ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. மீட்டர்கேஜ் காலத்துக் கல்லிடைக்குறிச்சி.

மாடல் ரயில் கட்டுகிற இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற எல்லோரும் முதலில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கிற மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சியைப் பார்த்து மலைத்துப்போவார்கள். பிரவுன் சகோதரர்கள் 2001இல் திறந்தது. ஆயிரம் ரயிலுக்கு மேல் ஓடுகிறது, விமான நிலையமே இருக்கிறது. நானும் மலைத்தேன். ஒரு மாதம் அதே மாதிரி வரைந்து வரைந்து பேப்பரைத் தீர்த்தேன். பலகை ஒன்றுகூட அறுக்கவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. பேர்பெற்ற லேஅவுட் (பலகையில் கட்டின மாடல் ரயில் பாதையும் ஊரும்) ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வித்தையை மட்டும் திருட வேண்டும். ஊர் நம் ஊராக இருக்க வேண்டும். அளவு, ஒரு ஆள் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கிற அளவு.

பாதையின் வடிவத்தை நான் திருடியது இங்கிலாந்துக்காரர் ஆலன் ரைட்டிடம். அவருடைய இங்கில்நுக் சைடிங்ஸ் மொத்தமே இரண்டு பாயிண்ட் (தண்டவாளம் பிரிகிற இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்துகிற கிளைப்பாதை). நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எதிர்ப்பக்கம் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கிற ஒரு முட்டுப்பாதை. மொத்தம் எட்டு வேகன். அதில் சீட்டுப் போட்டு ஐந்தை எடுத்து, சீட்டில் வந்த வரிசையிலேயே கோர்த்து நிறுத்த வேண்டும். எட்டில் ஐந்தை வரிசையோடு எடுத்தால் 6,720 விதம் வரும், கணக்கு எழுதிய கைக்கு அது போதாதா! வட்டப்பாதை போட்டால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும், இது அலுக்காது.

இந்த விளையாட்டில் நீளம்தான் எல்லாமே. முட்டுப்பாதையில் நாலாவது வேகனுக்கு இடம் விட்டுவிட்டால் புதிரே செத்துப்போகும். ஆகவே வாங்கின வேகனை அளந்த பிறகே ஆணி அடியுங்கள். நான் எடுத்தது ‘N’ ஸ்கேல் என்கிற அளவுத் தண்டவாளம், இடைவெளி 9 மில்லிமீட்டர். என் வேகன் கொக்கியோடு சேர்த்து 7 சென்டிமீட்டர், இன்ஜின் 8. முட்டுப்பாதை 29, பாயிண்ட் ஒன்றுக்கு 12 வீதம் 24, நீண்ட சைடிங் 35. கூட்டினால் 88. நாலடிப் பலகை 122 சென்டிமீட்டர். மிச்சத்தைப் பாயிண்ட் பக்கம் வேகன் உரசாமல் நிற்கவும், பாதை முனையில் முட்டுக்கட்டை வைக்கவும் பங்கிட்டேன்.

இங்கே ஒரு சிக்கல். ‘N’ ஸ்கேல் என்பது 1:160, அதாவது நிஜத்தில் 160 பங்கு இங்கே ஒரு பங்கு, அதில் 9 மில்லிமீட்டர் என்றால் வெளிநாட்டு அகலம், 1,440 மில்லிமீட்டர் சொச்சம். நம் மீட்டர்கேஜ் 1,000. ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் 111. அதனால் கட்டடம், மரம், மனிதர் எல்லாவற்றையும் 1:110 என்று வைத்துக்கொண்டேன். ஐந்தரை அடி ஆள் 15 மில்லிமீட்டர் உயரம் வருவான். கடையில் வாங்கின குட்டி இன்ஜினின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, கல்யாணப் பத்திரிகை அட்டையில் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் மாதிரி ஒரு கூடு செய்து மாட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தால் ஒய்டிஎம்-4தான். கிட்டே போனால் ‘மணமகன்’ என்ற எழுத்து லேசாகத் தெரியும்.

பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் இரண்டங்குல ரீப்பர் சட்டம். “கொலுப்படிக்கா மதினி?” என்று கேட்டுக்கொண்டே ஆசாரி அண்ணாச்சி அறுத்துக் கொடுத்தார். அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிளைவுட் ஈரம் குடித்து வளைந்தால் தண்டவாள மூட்டு எல்லாம் எழும்பிக்கொள்ளும். நெஞ்சு உயரத்தில் வைத்தால் ரயில் கண்ணுக்கு நேரே வரும். தரையில் வைத்தால் அது வெறும் பொம்மை.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 12 வோல்ட் டிசி, வேகம் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர் ஒன்று. தண்டவாளங்கள் வெட்டிக்கொள்கிற இடத்தில் பிளாஸ்டிக் வைத்த பாயிண்ட் வாங்கினால், முட்டுப்பாதையில் இரண்டு வயர் கொடுத்தால் போதும். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்த சைடிங்குக்கு மட்டும் கரண்ட் போகும். இன்ஜின் திக்கித் திக்கி ஓடினால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள், பத்துக்கு ஒன்பது தடவை தண்டவாளத்தில் அழுக்குதான். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதிலேயே அழுக்கு சேரும்.

அடுத்த திருட்டு ராய் இங்லண்டிடம். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர். அங்கே ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தின் கூரை வீடுகள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 1930களில் அவற்றை அளந்து அளந்து மாடலாகச் செய்ய ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு ஆக்ஸ்போர்டு பக்கம் பெண்டன் மியூசியம். அவர் வீடு அளந்த கதையைப் படித்தபோது கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகிற நம் பாதை ஞாபகம் வந்தது. செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் 2010இல் நின்றது, அகலப்பாதையாகி மறுபடி ரயில் ஓட 2018 ஆயிற்று. திருநெல்வேலி–தென்காசி அகலப்பாதை 2012இல் வந்தது. வந்தது நல்லதுதான், ஆனால் பழைய கட்டடம், கைகாட்டி, லெவல் கிராசிங் குடிசை எதையும் எனக்குத் தெரிந்து யாரும் அளந்து வைக்கவில்லை.

அளக்க ஏணி வேண்டாம். செங்கல் சுவர் என்றால் கைக்கெட்டுகிற பத்து வரிசையை டேப்பில் அளந்து பத்தால் வகுங்கள். நான் அளந்த பழைய அறையில் வரிசைக்கு 7.8 சென்டிமீட்டர் வந்தது. கூரை வரை எண்ணினால் 42 வரிசை. பெருக்கினால் மூன்றேகால் மீட்டருக்கு மேல், 110ஆல் வகுத்தால் 3 சென்டிமீட்டர் சுவர். பூச்சுச் சுவராக இருந்தால் உயரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் எல்லைக்குள் என்றால் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை, வம்பும் இல்லை. சுவருக்கு அப்பளம் கட்டுகிற அட்டைப்பெட்டி. ஓலைக்கூரைக்குப் பத்தமடைப் பாயின் ஓரத்துண்டு, இந்த அளவுக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை.

எல்லோரும் ஆரியங்காவு மலைப்பாதையின் பதின்மூன்று கண் பாலத்தைத்தான் செய்யச் சொல்வார்கள். அழகுதான். ஆனால் நூறு மீட்டர் பாலம் 1:110இல் தொண்ணூறு சென்டிமீட்டர், பலகையில் முக்கால்வாசியை அதுவே தின்றுவிடும். முதல் லேஅவுட்டுக்கு அது வேண்டாம். நான் கல்லிடைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே உள்ள தாமிரபரணிப் பாலத்தில் மூன்று கண் மட்டும் எடுத்து முட்டுப்பாதைக்கு அடியில் கொடுத்தேன். ஷண்டிங் பண்ணும், அதாவது வேகன்களை இழுத்து வரிசை மாற்றும், ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஆற்றின் மேல் போய்த் திரும்பி வரும்.

அந்த ஆற்றுக்குத்தான் மூன்றாவது திருட்டு. அமெரிக்காவில் மான்டரே ஊரில் ஜான் ஆலன் என்பவர் கோரி அண்ட் டிஃபீட்டட் என்று ஒரு மலைப்பாதை லேஅவுட் கட்டியிருந்தார். தரையிலிருந்து மேலே வரை மலை, புது வேகன்மேல் புழுதியும் துருவும் ஏற்றுகிற வேலை, நிற்கவைத்த கண்ணாடியால் இடத்தை இரட்டிப்பாகக் காட்டுவது, எல்லாம் அவர் கைவரிசை. கொலுக் குளத்துக் கண்ணாடியை நாம் படுக்கப் போடுகிறோம், அவர் நிமிர்த்தி வைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்!

நானும் பாலத்துக்குப் பின்னால் ஒரு சாண் உயரக் கண்ணாடியை நிமிர்த்தினேன். அக்கா பேரன் வந்து குனிந்து பார்த்தான். “ஆச்சி, ஆத்துக்குள்ள என் மூஞ்சி தெரியுது.” சரி என்று கண்ணாடியைப் பாலத்தின் அடிமட்டம் வரைக்கும் மட்டும், நாலு சென்டிமீட்டருக்கு, வெட்டி வாங்கினேன். மேல்விளிம்பு நம் பக்கமாக ஒரு நூல் சாய்ந்திருந்தால் முகத்துக்குப் பதில் தண்ணீரைக் காட்டும். சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் அடியில் ஒரு கோடு தெரியும். கிடைப்பதிலேயே மெல்லிசானதாக வாங்கி, அந்த விளிம்பில் பழைய பிரஷ் மயிரை வெட்டி நாணலாக ஒட்டுங்கள். தூண்கள் இரட்டையாகத் தெரிவது பாதகமில்லை, பாலம் இன்னும் அகலமாகத் தோன்றும். மேலே மருதமரங்கள். விதை உதிர்ந்து காய்ந்த துளசிச் செடியைத் தலைகீழாகக் கட்டி உலர்த்தி, பசையில் முக்கிச் சாயமரத்தூளில் புரட்டினால் கிளை கிளையாக மரம் ரெடி.

ஜான் ஆலனிடம் எம்மா என்று ஒரு டைனோசர் இருந்தது, வேகன் தள்ளுகிற வேலைக்கு! நம் நாட்டில் நிஜமாகவே யானை வேகன் தள்ளிய காலம் உண்டு. அந்தத் தைரியத்தில் கொலுவிலிருந்து ஒரு மண் யானையை சைடிங் ஓரம் நிறுத்தியிருக்கிறேன். அளவு பொருந்தாது, இருக்கட்டும். அவர் 1973 ஜனவரியில் இறந்த சில நாளிலேயே அந்த லேஅவுட் தீயில் போய்விட்டது. மிஞ்சியது படங்கள்தான். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், எழுந்து போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஜல்லிக்கு ஆற்று மணல். மாவு சல்லடையில் ஒரு தடவை, டீ வடிகட்டியில் ஒரு தடவை சலித்தால் ரவை பதத்தில் நிற்பதுதான் வேண்டும். அடுத்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். காய்ந்த மணலைத் தட்டில் பரப்பி, காகிதம் சுற்றிய காந்தத்தை நாலு தடவை ஓட்டுங்கள். கறுப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரும்புத் துகள் மோட்டாருக்குள் போனால் இன்ஜின் அவ்வளவுதான். சுத்தமான மணலைப் பரப்பி, பிரஷால் தண்டவாளத்துக்கு நடுவே ஒதுக்கி, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஷாம்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே உருளும். பாயிண்டின் அசைகிற நாக்குப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது.

பொதிகை மலையை நான் இரண்டு தடவை கட்டினேன். முதல் மலை பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் மதுரையில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் அகத்தியர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, உள்ளே எலிப் புழுக்கை. புத்தகம் பைண்ட் பண்ணுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். இரண்டாவது மலைக்கு அப்படித்தான் செய்தேன். துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக்கு நிறம் அடிக்கும்போது தூரத்து மலைக்குப் பச்சை வேண்டாம், வெளிறிய நீலம் போதும். முன்னால் வயல் மட்டும் பச்சை. நான் பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். கார்ப் பருவத்து அறுப்பு என்றால் வைக்கோல் நிறம். எந்த மாதம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் நிறத்தில் குழப்பம் வராது. முளைப்பாரி மட்டும் வேண்டாம், அந்த ஈரத்தில் இரும்புச் சாமானெல்லாம் துருவேறும்.

ஹாம்பர்க்கிலிருந்து கடைசியில் எடுத்தது விளக்கு மட்டும்தான். அங்கே பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பகல் போய் இரவு வரும். எனக்கு மஞ்சள் வெளிச்ச எல்இடி பட்டை ஒன்று, நீலம் ஒன்று, தனித்தனி டிம்மர். மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் சாயங்காலம் ஆகிவிடும். பிளாட்பார விளக்குக்குக் கொலு சீரியல் செட் வேண்டாம், வீட்டுக் கரண்டில் நேரே ஓடுகிற சாமான் அது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவரவே கூடாது.

ஓட்டும்போது சீட்டுக்குப் பதில் எட்டு புளியங்கொட்டையில் வெள்ளைப் பெயின்டால் வேகன் எண் எழுதி, ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன். ஐந்து எடுக்க வேண்டும், எடுத்த வரிசை மாறக் கூடாது. கொக்கி கழற்ற விளக்குமாற்று ஈர்க்கு. நேற்று பேரனுக்கு 4, 7, 1, 8, 2 விழுந்தது. இருபத்து மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்து முடித்தான். அதே எண்களை நான் எடுத்து இருபதில் முடித்தேன். யானையைக் கையால் தள்ளி ஒரு வேகனை நகர்த்தினேன் என்று சொல்கிறான். தள்ளினேன்தான்.