கள்ளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

வீட்டுக்குள் வளரும் கள்ளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன், வண்ணம் பூசாத மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி கருத்தோ, மண் ஒட்டியோ வந்தால் அன்று ஊற்ற வேண்டாம். தென்னை ஈர்க்கு வழுவழுப்பானது என்பதால் ஈரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

மேல்மண் முதலில் காய்ந்துவிடுவதால் விரலால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றிவிடும்; வேரை அழுகச் செய்வது அடியில் தங்கும் ஈரமே. தண்டிலேயே நீரைச் சேமித்து வைக்கும் இச்செடி வறட்சியைத் தாங்கும், அழுகலைத் தாங்காது. தருமபுரியின் சித்திரை வெயிலில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் தொட்டி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் பல வாரங்கள் அடியில் ஈரமாகவே இருக்கக்கூடும் என்பதால், நாட்கணக்கை விடக் குச்சியை நம்புவதே மேல்.

முழுவதும் சரளைக் கல் நிரப்பிய தொட்டியில் இம்முறை உதவாது. மண் மாற்றிப் புதிதாக நட்ட செடிக்கு, குச்சி காய்ந்தே வந்தாலும், வேர்க்காயம் ஆறுவதற்கு ஒரு வாரம் விட வேண்டும். காட்டு மரங்களின் மேல் வளரும் இனமான கிறிஸ்துமஸ் கள்ளிக்கோ, அடிமண் முற்றிலும் காயும்வரை காத்திருக்காமல், மேல்மண் காய்ந்ததுமே ஊற்றிவிட வேண்டும்.