‘செவுரு சீட்டு’ம் விமானத்தில் இடம் பிடிப்பவர்கள் செய்யும் மற்ற தவறுகளும்

திருச்சியில் டிக்கெட் போடும் கடையில் உட்கார்ந்து எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு பையன்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள், கீபோர்டில் என்னைவிட மூன்று மடங்கு வேகம். ஆனால் யாராவது ‘ஜன்னல் சீட் வேணும்’ என்று சொல்லிவிட்டால், அந்த வேகத்திலேயே கை நேராக 11ஏ பக்கம் போகிறது. எந்த விமானம் என்று ஏறிட்டும் பார்ப்பதில்லை. 2013-ல் நான் எங்கே கையை வைத்துச் சுட்டுக்கொண்டேனோ, சரியாக அதே இடம்.

அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். சீக்கிரம் செக்-இன் செய்யுங்கள், டாய்லெட்டை ஒட்டி உட்காராதீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை தெரியாதவர் யாரும் இல்லை. நான் சொல்வது ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு மட்டும். அதாவது போயிங் 737, ஏர்பஸ் ஏ320, அதன் நீள அண்ணன் ஏ321. இந்தப் பக்கம் மூன்று சீட், அந்தப் பக்கம் மூன்று சீட். ஏ-யும் எஃப்-உம் ஜன்னல், சி-யும் டி-யும் நடைபாதை ஓரம், பி-யும் இ-யும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு.

முதல் வரிசை என்றாலே ராஜ மரியாதை என்று நினைப்பது

காலை நீட்டலாம், முதலில் இறங்கலாம், சரி. ஆனால் முன்னால் சீட் இல்லாததால் கைப்பையை வைக்கக் கீழே இடம் கிடையாது. தலைக்கு மேலே உள்ள பெட்டியில் பாதியை ஆக்சிஜன் சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும் பிடித்திருப்பதும் உண்டு. சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, சீட் அகலத்திலும் கொஞ்சம் போய்விடும். இடுப்பு அகலமானவர்களுக்கு நான் முதல் வரிசை போடுவதே இல்லை.

‘ஜன்னல்’ என்று போட்டிருந்தால் ஜன்னல் இருக்கும் என்று நம்புவது

2013-ல் லால்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். மகளுக்கு சிங்கப்பூரில் பிரசவம். முதல் விமானப் பயணம், ஏறக்குறைய நாலு மணி நேரம். ‘எனக்கு ஒண்ணுமே வேணாம் தம்பி, மேகத்த மட்டும் பாத்துட்டேன்னா போதும்’ என்றார்கள். சுருக்குப் பையிலிருந்து நானூறு ரூபாயைத் தனியாக எண்ணிக் கொடுத்தார்கள். நான் சீட் மேப்பைத் திறந்தேன். இறக்கை தொடங்குவதற்குச் சற்று முன்னால் 11ஏ காலியாக இருந்தது. இறக்கை மறைக்காது, அருமையான இடம் என்று போட்டுக் கொடுத்தேன். போர்டிங் பாஸில் சீட் எண்ணைப் பேனாவால் வட்டம்கூடப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் கடை வாசலில் நின்றபடியே சொன்னார்கள்: ‘தம்பி, சன்னல் சீட்டுன்னு சொன்னீங்க. செவுரு சீட்டுன்னு சொல்லியிருந்தா நானூறு ரூபாய்க்குப் பேரப்புள்ளைக்கு ரெண்டு சட்ட எடுத்திருப்பேன்ல?’

முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் சுவர். முன் சீட்டுக்காரரின் ஜன்னலில் ஓர் ஓரம் தெரிய, அந்த அம்மா கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு கழுத்து வலி வந்து விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் கடையில் அந்த சீட்டுக்குப் பெயர் ‘செவுரு சீட்டு’.

விஷயம் இதுதான். 737-ல் ஏசி இயந்திரங்கள் விமானத்தின் வயிற்றில், இறக்கைகள் உடலோடு சேரும் இடத்துக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து குளிர்ந்த காற்று நம் தலைக்கு மேலே உள்ள குழாய்களுக்கு ஏற வேண்டும். ஏறும் வழி பக்கச் சுவருக்குள்தான். அந்தக் குழாய் போகும் இடத்தில் ஜன்னல் வெட்ட முடியாது. விமான நிலையத்தில் வெளியிலிருந்து பாருங்கள். வரிசையாக வரும் ஜன்னல்கள், இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால், பல் விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி விட்டுத் தொடரும். பெரும்பாலும் இடப்பக்கம், அதாவது ஏ சீட். சில வகைகளில் வலப்பக்கமும் உண்டு.

இதைச் சொன்னதும் பையன்கள் ‘11ஏ கூடாது’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. எண்ணை மனப்பாடம் செய்வது அடுத்த தவறு. முன்னால் பிசினஸ் கிளாஸ் வைத்திருக்கும் நிறுவனம் எண்களை வேறு மாதிரி போடும். சில நிறுவனங்கள் 13-ஆம் வரிசையையே விட்டுவிடும். ஓரிடத்தில் 11ஏ என்றால் இன்னோரிடத்தில் 10ஏ, மற்றோரிடத்தில் 12ஏ. எண் மாறினாலும் இடம் மாறாது. 737-800-இல் எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையிலிருந்து முன்பக்கமாக நாலைந்து வரிசை எண்ணிப் பாருங்கள். அந்தச் சுற்றுவட்டாரம்தான் ஆபத்து.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சீட்டை அல்ல, விமானத்தை. எங்கள் திரையில் விமானத்துக்கு ஒரு குறியீடு வரும். 738, 73எச் என்றால் 737-800. 7எம்8 என்றால் 737 மேக்ஸ் 8. 320, 32என் என்றால் ஏ320 குடும்பம். 32கியூ என்றால் ஏ321 நியோ. நீங்களே டிக்கெட் போடுகிறீர்கள் என்றால், விமான விவரம் என்ற இடத்தைத் தொட்டால் பெயரே இருக்கும். போட்டதோடு விடாமல் முந்தின நாள் இன்னொரு முறை பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால், நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த 9ஏ என்னவாக மாறும் என்று சொல்ல முடியாது.

ஏ320 என்றால் நிம்மதியா என்று கேட்டால், பாதி நிம்மதி. அதில் இப்படி முழுச் சுவர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஜன்னல்கள் விமானத்தின் எலும்புக்கூட்டுக்கு ஏற்ப ஏறத்தாழ 53 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வருகின்றன. சீட் வரிசைகளோ குறைந்த கட்டண விமானங்களில் 71 முதல் 76 சென்டிமீட்டருக்கு ஒன்று. 71 என்றே வைத்துக்கொண்டால் நாலு ஜன்னலுக்கு மூன்று வரிசை. ஒருவருக்கு ஜன்னல் கண்ணுக்கு நேராக வரும். அடுத்தவருக்குத் தோளுக்குப் பின்னால் போகும். மூன்றாமவர் முன் சீட்டுக்காரரோடு பங்கு போட வேண்டும். திரையில் மூன்றும் ஒரே மாதிரி நீலக் கட்டம், மூன்றுக்கும் ஒரே காசு.

எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். சில நிறுவனங்கள் இப்போது ‘இங்கே ஜன்னல் இல்லை’ என்று குறிப்புப் போடுகின்றன. போடாதவர்களும் இருக்கிறார்கள். பஸ்ஸில் கண்ணாடி இல்லாத சீட்டைக் காட்டி ஜன்னல் என்று காசு வாங்கினால் கண்டக்டர் ஊர் போய்ச் சேர மாட்டார். இங்கே நாம்தான் வாயை மூடிக்கொண்டு நாலு மணி நேரம் சுவரைப் பார்க்கிறோம். அந்த அம்மாவுக்கு நானூறு ரூபாயைக் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். மேகத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது அவர்களுக்குக் கிடைத்தது நடு சீட்.

கால் நீட்ட இடம் என்று அப்பாவுக்கு எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை எடுப்பது

இது மகன்கள் செய்யும் தவறு. முட்டி வலிக்கிற எழுபது வயது அப்பாவுக்கு ஆசையாக எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வரிசையில் உட்காருகிறவர் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க வேண்டும். ஏ320-இல் இறக்கை மேல் உள்ள அந்தக் கதவின் எடை ஏறத்தாழ 15 கிலோ. சிறுவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், அடுத்தவர் உதவி தேவைப்படுகிறவர்கள் யாரையும் அங்கே உட்கார விட மாட்டார்கள். விமானத்துக்குள் ஏறிய பிறகு எழுப்பிக் கடைசியில் ஒரு நடு சீட்டுக்கு அனுப்புவார்கள். ஏர் ஹோஸ்டஸ் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அது அவர்கள் கடமை. கட்டிய காசு திரும்ப வர நான் ஒருவருக்காக ஐந்து மாதம் ஈமெயில் போட்டேன்.

வயதும் உடம்பும் சரியாக இருப்பவருக்கு ஒரு கணக்கு. ஏ320-லும் 737-800-லும் இந்த வரிசை பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு இருக்கும். முன் வரிசையின் சாய்வு பூட்டியிருக்கும், ஏனென்றால் அது சாய்ந்தால் பின்னால் இருக்கும் வழி அடைபடும். அதே காரணத்தால் அதற்கும் முந்தைய வரிசையும் சாயாது. எக்ஸிட் வரிசைகள் இரண்டுக்கும் ஒரே விலை என்றால் பின் வரிசையை எடுங்கள். எக்ஸிட்டுக்கு நேர் முன்னால் உள்ள சாயாத வரிசையைத் தெரியாமல் வாங்கியவர்களின் புகாரை வைத்தே ஒரு நோட்டு நிரப்பலாம்.

கடைசி வரிசை

பெரும்பாலும் சாயாது. டாய்லெட் கியூ உங்கள் தோளில் நிற்கும். ஏணி வைத்துப் பின் கதவையும் திறக்கும் நாளில் மட்டும் நீங்கள் ராஜா.

சூரியன் எந்தப் பக்கம் என்று யோசிக்காதது

திருச்சியிலிருந்து துபாய்க்கு மதியம் கிளம்பினால் விமானம் வடமேற்கே போகும். வெயில் பெரும்பாலும் இடப்பக்கம் அடிக்கும். ஏ சீட்டுக்காரர் திரையை இறக்கிவிட்டுத்தான் போவார், எஃப் சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே போவார்.

திருச்சியில் இறங்கும்போது மலைக்கோட்டையும் காவிரியும் ஸ்ரீரங்கமும் விமான நிலையத்துக்கு வடக்கே. கிழக்கிலிருந்து வந்து இறங்கினால் வலப்பக்க ஜன்னல், மேற்கிலிருந்து என்றால் இடப்பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து என்பதைக் காற்று முடிவு செய்யும் என்பதால், என் ஜோசியம் பாதி நாள் தப்பும்.

பயந்தவர்களைப் பின்னால் உட்கார வைப்பது

பஸ்ஸில் கடைசி சீட் எப்படித் தூக்கிப் போடுமோ அப்படித்தான் இங்கேயும். ஆட்டம் குறைவாகத் தெரிவது இறக்கைக்குப் பக்கத்தில். ஆனால் எஞ்சின் சத்தம் முன்பக்கத்தைவிட அங்கேயும் அதற்குப் பின்னாலும் அதிகம். போட்டோ எடுப்பவர்கள் இறக்கைக்கு முன்னால் போகட்டும். பின்னால் உட்கார்ந்தால் எஞ்சினின் சூடான காற்றில் தரையெல்லாம் கானல் மாதிரி நெளியும்.

இடையில் ஒன்று. ஏ320-இல் கிளம்பும் முன் காலுக்கடியில் நாய் குரைப்பது போலவோ ரம்பம் அறுப்பது போலவோ ஒரு சத்தம் வரும், நடுப்பகுதியில் நன்றாகக் கேட்கும். ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் கருவி அது. பழுதில்லை. ‘சார், லக்கேஜ்ல நாய் மாட்டிக்கிச்சு’ என்று எனக்கு உள்ளிருந்தே போன் வந்திருக்கிறது.

நடு சீட் காலியாக இருக்கும் என்று சூதாடுவது

கணவனும் மனைவியும் ஏ-யும் சி-யும் எடுத்து, பி காலியாகக் கிடக்கும் என்று கனவு காண்பார்கள். வளைகுடா விமானங்களில் அது நடக்காது. நடுவில் வந்து உட்காருகிறவரோடு இடம் மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் ஆடுங்கள்.

குழந்தை தனியாகப் போய்விடும் என்று பயந்து எல்லா சீட்டுக்கும் காசு கட்டுவது

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் போகும் 12 வயது வரையிலான குழந்தைக்கு அப்பா, அம்மா, பாதுகாவலர் என்று யாராவது ஒருவர் பக்கத்தில் நிறுவனங்கள் இடம் தர வேண்டும். ‘ஒரே பிஎன்ஆர்’ என்பதுதான் உயிர். அப்பாவுக்கு ஒரு கடையில், குழந்தைக்கு இன்னொரு கடையில் மலிவாகப் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

ராத்திரி விமானத்தில் ஜன்னலுக்குக் காசு கட்டுவது

கும்மிருட்டில் என்ன தெரியும்? இறக்கை நுனி விளக்கு தெரியும். ஓரம் வேண்டும் என்பவர்கள் பலரும் உண்மையில் கேட்பது தலை சாய்க்க ஒரு சுவர்.

இரண்டு வருடம் முன்பு மன்னார்குடிக்காரர் ஒருவர், வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர், லீவு முடிந்து திரும்பிப் போக டிக்கெட் போட வந்தார். ராத்திரி விமானம், போனதும் டியூட்டி. தூங்கிக்கொண்டு போக வேண்டும், கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்றார். நான் செவுரு சீட்டைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார். அதையே போட்டுக் கொடுத்தேன். இந்த வருடம் லீவுக்கு வந்தவர் திரும்பிப் போகக் கடைக்கு வந்ததும் தேதியைக்கூடச் சொல்லவில்லை. ‘அண்ணே, அந்த செவுரு காலியா இருக்கான்னு மொதல்ல பாருங்க’ என்றார்.

புதுப் பையன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: ‘இல்லண்ணே. யாரோ ஜன்னல்னு நெனச்சு எடுத்துட்டாங்க.’