ஆங்கிள் எடையை நாமே கணக்கிடுவது எப்படி? கனத்திலிருந்து தொடங்குவோம்

எல் வடிவ இரும்பு ஆங்கிளின் எடை தேவைப்பட்டால் பெரும்பாலோர் அட்டவணையைத்தான் தேடுவார்கள். அட்டவணை நல்லதுதான். ஆனால் அது கையில் இல்லாத நேரமும் வரும். எதிரே கிடக்கும் ஆங்கிள் அட்டவணை சொல்லும் அளவில் இல்லாத நேரமும் வரும். அப்போது கைகொடுப்பது சூத்திரம் மட்டுமே. பள்ளியில் படித்த செவ்வகப் பரப்பு தெரிந்தால் போதும், இந்தக் கணக்கை யாரும் போடலாம். தேவையானவை ஓர் அளவு நாடா, ஒரு வெர்னியர் காலிப்பர் (கனத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி), ஒரு கால்குலேட்டர்.

படி 1: அளவைச் சரியாகப் படியுங்கள்

50×50×6 என்று எழுதியிருந்தால், முதல் இரண்டு எண்களும் இரு பக்கங்களின் அகலம், மூன்றாவது எண் கனம், அதாவது தடிமன். மூன்றுமே மில்லிமீட்டரில். இரண்டு பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் சம பக்க ஆங்கிள். 75×50×6 போல வேறுபட்டால் சமமில்லாப் பக்க ஆங்கிள்.

அகலத்தை எப்போதும் வெளிப்புறமாக அளக்க வேண்டும். இரு பக்கங்களும் சேரும் வெளிமூலையிலிருந்து பக்கத்தின் நுனி வரை. நாடாவை உள்பக்கமாக வைத்தால் 50-க்குப் பதில் 44 என்று வரும், ஏனென்றால் இன்னொரு பக்கத்தின் கனம் அதில் சேராது. புதிதாக அளப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

படி 2: குறுக்குவெட்டுப் பரப்பு

ஆங்கிளை ரம்பத்தால் நேராக அறுத்தால் வெட்டுமுகத்தில் எல் என்ற வடிவம் தெரியும். அதன் பரப்புதான் நமக்கு வேண்டும். அதை இரண்டு செவ்வகங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிற்கும் பக்கம் 50×6. படுத்திருக்கும் பக்கமும் 50×6. இரண்டையும் அப்படியே கூட்டினால் 600 வரும், அது தவறு. மூலையில் இருக்கும் 6×6 சதுரம் இரண்டு செவ்வகத்துக்கும் பொது; அதை இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஒரு முறை கழித்தாக வேண்டும். அதனால் சூத்திரம் இப்படி அமைகிறது:

பரப்பு = (முதல் பக்கம் + இரண்டாம் பக்கம் − கனம்) × கனம்

நம் ஆங்கிளுக்கு: (50 + 50 − 6) × 6 = 94 × 6 = 564 சதுர மி.மீ.

மூலையைக் கழிக்காமல் விட்டால் இந்த அளவில் எடை 6 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். சிறிய வேலையில் அது கண்ணுக்குத் தெரியாது. சரக்கு டன் கணக்கில் போனால் தெரியும்.

படி 3: ஒரு மீட்டரின் எடை

கட்டுமானத்தில் பயன்படும் சாதாரண எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ என்பதே வடிவமைப்பில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. நாம் அளப்பதோ மில்லிமீட்டரில். 1 சதுர மி.மீ. வெட்டுமுகமும் 1 மீட்டர் நீளமும் உள்ள மெல்லிய கம்பியை எண்ணிப் பாருங்கள். அதன் கன அளவு ஒரு கன மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எனவே எடை 0.00785 கிலோ. இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் அலகு மாற்றும் குழப்பமே இல்லை.

ஒரு மீட்டர் எடை = பரப்பு × 0.00785

564 × 0.00785 = 4.427 கிலோ.

75×50×6 என்றால் (75 + 50 − 6) × 6 = 714; அதை 0.00785-ஆல் பெருக்க, மீட்டருக்கு 5.605 கிலோ. சமமில்லாப் பக்கத்துக்கும் அதே சூத்திரம்தான், தனியாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

துருப்பிடிக்கா எஃகு ஆங்கிளாக இருந்தால் இந்த எண் மாறும். 304 வகைக்கு அடர்த்தி சுமார் 7900, ஆகவே 0.0079. அலுமினியத்துக்குச் சுமார் 2700, ஆகவே 0.0027. வடிவத்தின் கணக்கு மாறாது, பொருளின் எண் மட்டும் மாறும்.

படி 4: நீளத்தால் பெருக்குங்கள்

மொத்த எடை = ஒரு மீட்டர் எடை × மீட்டரில் நீளம் × எண்ணிக்கை. 6 மீட்டர் நீளமுள்ள ஒரு ஆங்கிள்: 4.427 × 6 = 26.56 கிலோ. நீளம் அடியில் கிடைத்தால் 0.3048-ஆல் பெருக்கி மீட்டராக்கிக்கொள்ளுங்கள். தசமத்தை நடுவில் வெட்டிவிடாதீர்கள், கடைசி விடையில் மட்டும் சுருக்குங்கள். 4.427-ஐ 4.4 என்று சுருக்கி 500 மீட்டருக்குப் பெருக்கினால் 13 கிலோவுக்கு மேல் காணாமல் போகும்.

கைப்பழக்கத்துக்கு மூன்று அளவுகள் தருகிறேன். போட்டுப் பார்த்துவிட்டு விடையைச் சரிபாருங்கள். 40×40×5 என்றால் மீட்டருக்கு 2.94 கிலோ. 75×75×6 என்றால் 6.78. 100×100×10 என்றால் 14.92.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் விடை சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பது பெருக்கல் இல்லை, கனத்தை அளந்த விதம். அகலத்தில் செய்யும் தவறும் கனத்தில் செய்யும் தவறும் ஒன்றல்ல. 50×50×6 ஆங்கிளில் ஒரு பக்கத்தை 51 என்று தவறாக அளந்தால் பரப்பு 564-லிருந்து 570 ஆகும். ஒரு சதவீதம், அவ்வளவுதான். கனத்தை 6-க்குப் பதில் 7 என்று எடுத்தால்? (100 − 7) × 7 = 651. பதினைந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அதே ஒரு மில்லிமீட்டர்தான்!

அரை மில்லிமீட்டரும் சும்மா விடாது. கனம் 5.5 ஆக இருந்தால் பரப்பு 519.75, மீட்டருக்கு 4.08 கிலோ. 6 மி.மீ. என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆங்கிளில் ஏறக்குறைய 8 சதவீத எடை இல்லவே இல்லை. இரும்பை உருளைகளுக்கிடையே அழுத்தி ஆங்கிளாக்கும் உருட்டாலையில் கனம் சற்றே கூடவோ குறையவோ வருவது இயல்பு. தரநிலைகளே அதற்கு ஓர் எல்லை வகுத்து அனுமதிக்கின்றன. எனவே அகலத்துக்கு நாடா போதும், கனத்துக்கு நாடா வேண்டாம். வெர்னியர் காலிப்பரை எடுங்கள்.

எங்கே வைத்து அளப்பது என்பதும் முக்கியம். பக்கத்தின் நுனியில் உள்விளிம்பு வளைந்திருக்கும், அங்கே அளந்தால் குறைவாகக் காட்டும். மூலையருகே உள்ளே வளைவு நிறைந்திருக்கும், அங்கே கூடுதலாகக் காட்டும். இரண்டுக்கும் நடுவில், தட்டையான இடத்தில் அளப்பதே சரி. துருவும் பழைய பெயின்ட்டும் இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். அறுத்த முனையில் நிற்கும் பிசிறையும் அரத்தால் நீக்குங்கள். இரண்டு பக்கத்திலும், இரண்டு முனையிலும் அளந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணை நம்பலாம்.

அங்குல அளவில் வரும் ஆங்கிளிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு அங்குலம், கால் அங்குலக் கனம் என்பதைப் பலர் 50×50×6 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது 50.8×50.8×6.35. பரப்பு 604.8, எடை மீட்டருக்கு 4.75 கிலோ. ஏழு சதவீத வித்தியாசம். அதில் பெரும்பங்கு அந்த 0.35 மி.மீ. கனத்தால் வருவது.

அட்டவணையோடு ஒத்துப்போகவில்லையே?

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 10056-1 அட்டவணையில் 50×50×6-க்கு மீட்டருக்கு 4.47 கிலோ என்று இருக்கும். நமக்கு வந்தது 4.43. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வளைவுகள். உருட்டி எடுத்த ஆங்கிளின் உள்மூலை கூராக இருக்காது; அங்கே கொஞ்சம் எஃகு கூடுதலாக நிறைந்திருக்கும். இரண்டு நுனிகளிலும் உள்விளிம்பு மழுங்கி, கொஞ்சம் குறைந்திருக்கும். கூட்டிக் கழித்தால் கூடுதலே மிஞ்சும்.

நுனி வளைவின் ஆரம் உள்மூலை ஆரத்தில் பாதி என்றால் (அந்தத் தரநிலையில் அப்படித்தான்), திருத்தம் எளிது:

கூட்ட வேண்டிய பரப்பு = 0.1073 × உள்மூலை ஆரம் × உள்மூலை ஆரம்

50×50×6-க்கு உள்மூலை ஆரம் 7 மி.மீ. 0.1073 × 49 = 5.26. ஆகப் பரப்பு 569.26, எடை 4.469. அட்டவணை எண் அப்படியே வந்துவிட்டது. 100×100×10-க்கு ஆரம் 12, திருத்தம் 15.45, எடை 15.04 கிலோ.

சிறிய வேலைக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, சுமார் ஒரு சதவீதத்தில் முடிந்துவிடும். டன் கணக்கில் வாங்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டை எல் வடிவில் மடித்துச் செய்த ஆங்கிளுக்கு மட்டும் இதைப் போடக் கூடாது. அதன் வெளிமூலையும் வளைந்திருக்கும். அங்கே நம் முதல் சூத்திரமே சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும்.

ஒரு ஸ்டாண்டுக்கு முழுக் கணக்கு

50×50×6 ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு செய்கிறோம். 900 மி.மீ. கால்கள் 4, நீளவாக்கில் 1200 மி.மீ. துண்டுகள் 4, குறுக்கே 600 மி.மீ. துண்டுகள் 4.

கால்கள் 3.6 மீட்டர், நீளவாக்குத் துண்டுகள் 4.8 மீட்டர், குறுக்குத் துண்டுகள் 2.4 மீட்டர். மொத்தம் 10.8 மீட்டர். மீட்டருக்கு 4.47 என்று எடுத்தால் 48.28 கிலோ. செய்து முடித்த ஸ்டாண்டை எத்தனை பேர் தூக்க வேண்டும், தளம் தாங்குமா என்பதற்கெல்லாம் இந்த எண்.

வாங்கும் எடை வேறு. 6 மீட்டர் ஆங்கிள் இரண்டு வாங்கினால் 12 மீட்டர், 53.64 கிலோ. 10.8 மீட்டர்தானே வேண்டும், இரண்டு போதும் என்று கூட்டலை மட்டும் நம்பிவிடாதீர்கள். துண்டுகள் அடங்குகின்றனவா என்று காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஆங்கிளில் 1200 நான்கும் 900 ஒன்றும் சேர்ந்து 5700. இரண்டாவதில் 900 மூன்றும் 600 நான்கும் சேர்ந்து 5100. அறுக்கும் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. தின்றாலும் மிச்சம் இருக்கிறது. அடங்கிவிட்டது. வாங்கியதற்கும் பயன்பட்டதற்கும் உள்ள 5.36 கிலோ துண்டாகவும் தூளாகவும் மிஞ்சும்.

மூலைகளில் தகடு வைத்தால் அதைத் தனியே கூட்டுங்கள். 1 சதுர மீட்டர் தகட்டின் எடை, கனத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 7.85 கிலோ. 150×150×8 தகடு என்றால் 0.15 × 0.15 × 8 × 7.85 = 1.41 கிலோ.

போல்ட் துளைகளைக் கழிக்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 6 மி.மீ. கனத்தில் 18 மி.மீ. துளை ஒன்றின் எடை 12 கிராம். நான் கழிப்பதில்லை. துத்தநாகப் பூச்சு அப்படியில்லை, அதைச் சேர்க்க வேண்டும். பூச்சு 70 மைக்ரான் (0.07 மி.மீ.) என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிராம். 50×50×6 ஆங்கிளின் ஒரு மீட்டருக்கு வெளிப்பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். ஆகவே மீட்டருக்கு 100 கிராம், இரண்டு சதவீதத்துக்கும் சற்று மேல்.

தராசிலிருந்து கனத்துக்கு

இதே சூத்திரத்தைத் தலைகீழாகவும் போடலாம். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுதான். காலிப்பர் இல்லை, தராசு இருக்கிறது என்று வையுங்கள். 6 மீட்டர் நீளமுள்ள 50×50 ஆங்கிள் 24.9 கிலோ நிற்கிறது. மீட்டருக்கு 4.15 கிலோ. அதை 0.00785-ஆல் வகுத்தால் பரப்பு 528.7. வளைவுக்கான 5.3-ஐக் கழித்தால் 523.4.

சம பக்க ஆங்கிளுக்கு:

கனம் = பக்கம் − √(பக்கம் × பக்கம் − பரப்பு)

50 × 50 = 2500. அதிலிருந்து 523.4 போக 1976.6. அதன் வர்க்கமூலம் 44.46. கனம் 50 − 44.46 = 5.54 மி.மீ.

ஒரே ஒரு ஆங்கிளை நிறுத்துப் பார்ப்பதைவிட ஒரு கட்டு ஆங்கிளை மொத்தமாக நிறுத்து, மொத்த நீளத்தால் வகுத்துச் சராசரி எடுத்தால் விடை இன்னும் உறுதியாக இருக்கும். அப்போதும் 5.54 வந்தால், வரைபடத்தில் 6 என்று எழுதி எடுத்த தாங்குதிறனை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. வடிவமைத்தவரிடம் இந்த எண்ணைச் சொல்லி, அவர் சரி என்று சொன்ன பிறகு வெட்டத் தொடங்குங்கள்.