பிரேம் போடும்போது மெடலின் ரிப்பனை என்ன செய்கிறோம்?

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 நெருங்கினால், புதுச்சேரியின் சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளில், தாத்தாவின் மெடல்கள் பெட்டியை விட்டு வெளியே வரும். பிரேம் போடக் கொண்டுவருவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் பழகிய காலத்தில் செய்த கோளாறுகளையே திரும்பச் செய்கிறார்கள். புளி போட்டுத் தேய்க்காதே, பசை போட்டு ஒட்டாதே என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

பழைய ரிப்பனைக் குப்பையில் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முதல் உலகப் போர் நடக்கும்போதே, 1915-இல் பிரான்ஸ் உண்டாக்கியது ‘குருவா த கேர்’ என்ற போர்ச்சிலுவை. வெண்கலச் சிலுவை, குறுக்கே இரண்டு வாள், நடுவில் குடியரசைக் குறிக்கும் பெண்ணின் தலை. வாங்கிய எல்லோருக்கும் இதே சிலுவைதான். எந்த மட்டத்தில் பாராட்டினார்கள் என்பது ரிப்பனில் குத்திய சின்ன உருப்படியில்தான் இருக்கிறது. ரெஜிமென்ட் அளவில் என்றால் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் என்றால் வெள்ளி, அதற்கு மேல் கோர் என்றால் பொன்முலாம். முழுச் சேனையின் உத்தரவில் பெயர் வந்தவருக்குப் பனையோலை வடிவில் ஒரு வெண்கலச் சின்னம். ஆக, கீழ்மட்டமும் வெண்கலம், உச்சிமட்டமும் வெண்கலம். உலோகத்தை மட்டும் பார்த்து எடைபோட முடியாது.

ஒரு பையன் நைந்த ரிப்பனை நட்சத்திரத்தோடு சேர்த்தே கழற்றி எறிந்துவிட்டு, கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாட்டினை மாட்டிக் கொடுத்தான். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. அந்த வீட்டில் பாராட்டுக் காகிதத்தைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சம் ஒரு போட்டோ. அதில் நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெண்கலமா, வெள்ளியா, பொன்முலாமா? பேரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ரிப்பன் கிழிந்திருந்தால் கிழிந்தபடியே பின்னால் மெல்லிய துணி கொடுத்துத் தையுங்கள். கண்டிப்பாகப் புதுசு வேண்டும் என்றால், பழையதைக் கவரில் போட்டு பிரேமுக்குப் பின்னாலேயே வையுங்கள்.

பச்சையும் சிவப்பும்

1914–18 சிலுவைக்குப் பச்சைத் தரையில் சிவப்புக் கோடுகள். 1939–45க்கு அப்படியே தலைகீழ்: சிவப்பில் பச்சை. இந்தோசீனாவில் சண்டை போட்டவருடையது வேறு, நடுவில் வெளிர்நீலம், இரண்டு ஓரமும் சிவப்பு. “ஏதோ பச்சை சிவப்பு ரிப்பன் கொடுங்க” என்று கடையில் கேட்டால் ஒரு போர் மாறிப்போகும்.

கருநீலம் எந்தப் பக்கம்?

கடலூர்ப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்கள் வீட்டில் 1939–45 ஸ்டார் என்ற இரண்டாம் உலகப் போர் மெடல் இருக்கும். அதன் ரிப்பனில் கருநீலம் கப்பற்படை, சிவப்பு தரைப்படை, வெளிர்நீலம் விமானப்படை. பார்ப்பவருக்கு இடப்பக்கம் கருநீலம் வரவேண்டும்.

வரிசை

ஒரே பிரேமில் பல பிரெஞ்சு மெடல்கள் இருந்தால், சிவப்பு ரிப்பன் உள்ள லெழியோன் தொனேர் விருது முதலில், மஞ்சளும் பச்சை ஓரமுமாக ரிப்பன் இருக்கும் மெதாய் மிலித்தேர் என்ற படை மெடல் அடுத்து, போர்ச்சிலுவை அதற்கும் பிறகு. அளவு பார்த்து அடுக்காதீர்கள்.

முதுகு

முதல் உலகப் போர்ச் சிலுவையின் பின்பக்கம் 1914–1915 முதல் 1914–1918 வரை ஏதாவது ஒரு ஆண்டுக்கணக்கு இருக்கும். அது தெரியும்படி, பிரேமின் பின்பலகையில் அந்த இடத்துக்கு நேராக ஒரு வட்டம் வெட்டிவிடுங்கள்.